எறியச் சொன்ன வாளும் எறியாத ஆளும்: ‘கிங் ஆர்தர்ஸ் டெத்’ வாங்கலாமா?

அட்டையில் ‘கிங் ஆர்தர்ஸ் டெத்’ என்று இருப்பதைப் பார்த்து நாவல் என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். உள்ளே இருப்பவை இரண்டு நெடும்பாட்டுகள். இரண்டும் 1400ஐ ஒட்டி இங்கிலாந்தில் எழுதப்பட்டவை. எழுதியவர் பெயர் இரண்டிலும் கிடையாது. இரண்டும் ஆர்தர் ராஜா செத்துப்போன கதை. ஆனால் ஒன்றில் அவர் சாகிற விதம் வேறு, இன்னொன்றில் வேறு. லாரி பென்சன் 1974இல் பதிப்பித்ததை எட்வர்ட் ஃபாஸ்டர் திருத்தி, 1994இல் அமெரிக்காவின் கலமசூ ஊரிலிருந்து வெளியிட்டிருக்கிறார்கள். அந்தப் பதிப்புதான் என்னிடம் இருக்கிறது.

பழைய புத்தகம் விற்கும் இணையக் கடை ஒன்றில் 640 ரூபாய்க்கு வாங்கினேன். ‘நல்ல நிலையில்’ என்று போட்டிருந்தார்கள். வந்தபோது மேல் மூலை மடங்கி, முதுகில் பசை விட்டிருந்தது. மைதா பசை காய்ச்சி நானே ஒட்டிக்கொண்டேன். முன்னால் வைத்திருந்தவர் யாரோ பச்சைப் பென்சிலால் அடிக்கோடு போட்டிருக்கிறார். முதல் பாட்டில், ஆர்தரின் வீரன் லான்சலாட்டை நினைத்து ஏங்கிச் செத்த பெண்ணின் உடல் படகில் மிதந்து வருகிற இடம் வரைக்கும் பச்சைக்கோடு ஓடுகிறது. அதற்கப்புறம் ஒரு கோடு கூட இல்லை. பாவம், நல்ல இடம் வருவதற்கு முன்பே எழுந்து போய்விட்டார்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் இந்த விமர்சனத்தை எவ்வளவு நம்பலாம் என்று உங்களுக்குத் தெரியும். நான் பேராசிரியர் இல்லை. மன்னார்குடிப் பக்கம் ஒரு நெல் அரவை மில்லில் 27 வருஷம் கணக்கு எழுதியவன். 1988இல் பி.ஏ. ஆங்கில இலக்கியம் முடித்தேன். அந்தப் படிப்பால் மில்லில் எனக்குக் கிடைத்த மரியாதை, ஆங்கிலத்தில் வருகிற வரி நோட்டீஸ்களை எல்லாம் நானே படித்துச் சொல்ல வேண்டும் என்பதுதான். ஆனால் பாடத்தில் டென்னிசன் 1842இல் வெளியிட்ட ஆர்தர் கவிதை இருந்தது. காயம்பட்ட ராஜா, மிஞ்சியிருக்கும் ஒரே வீரனிடம் தன் வாளைக் கொடுத்து ஏரியில் எறிந்துவிட்டு வரச் சொல்கிறார். அவன் ஒளித்துவைத்துவிட்டு வந்து, எறிந்துவிட்டேன் என்கிறான். எங்கள் சார் அதை வாசித்தபோது கடைசி பெஞ்சில் சிரித்தவர்களில் நானும் ஒருவன். பெடிவியர் என்ற பெயர் அப்போது சிரிப்பாக இருந்தது. பல வருஷம் கழித்து அந்தக் காட்சி வேறு மாதிரி நினைவுக்கு வந்தது. ஏன் என்று பிறகு சொல்கிறேன். டென்னிசனுக்கு முன்னால் இது எங்கே இருந்தது என்று தேடியதில் இந்தப் புத்தகத்தில் வந்து நின்றேன்.

முதலில் மொழி. ஷேக்ஸ்பியருக்கு 200 வருஷம் முந்தைய ஆங்கிலம். பயந்து ஓட வேண்டாம். எழுத்துக்கூட்டலை ஓரளவு ஒழுங்குபடுத்திக் கொடுத்திருக்கிறார்கள். வலது ஓரத்தில் அந்தந்த வரிக்கு நேராக அருஞ்சொற்பொருள், முழு வரியும் புரியாத இடத்தில் பக்கத்தின் அடியில் விளக்கம். முதல் 10 பக்கம் கண் இடமும் வலமும் அலைந்து தலைவலி வரும். அப்புறம் பேரேட்டில் பற்று, வரவு இரண்டு பத்தியையும் ஒரே பார்வையில் பார்க்கிற மாதிரி பழகிவிடும்.

வாய்விட்டுப் படியுங்கள். முக்கியமாக இரண்டாவது பாட்டை. வரிக்கு நான்கு அழுத்தம், அதில் பெரும்பாலும் மூன்று சொற்கள் ஒரே ஒலியில் தொடங்கும். நமக்கு அது மோனை. எதுகை கிடையாது, இயைபு கிடையாது, மோனை மட்டுமே ஊன்றுகோல். அதை வைத்துக்கொண்டு 4346 வரி நடக்கிறார் அந்தப் பெயர் தெரியாத மனுஷன். சில இடங்களில் ஒரே எழுத்தை அடுத்தடுத்த வரிகளுக்கும் இழுத்துக்கொண்டு போகிறார். வாள் வீச்சும் குதிரைக் குளம்பும் அப்போது சத்தமாகவே கேட்கும். முதல் பாட்டு அப்படி அல்ல. எட்டு வரிச் செய்யுள், ஒன்றுவிட்டு ஒன்று இயைபு, தாலாட்டு மாதிரி போகும்.

புத்தகத்தில் எட்டு வரிப் பாட்டு முன்னால், மோனைப் பாட்டு பின்னால். நீங்கள் மாற்றிப் படியுங்கள். நான் பின்னாலிருந்துதான் தொடங்கினேன்.

மோனைப் பாட்டில் லான்சலாட் ராணி காதல் எல்லாம் கிடையாது. லான்சலாட் படையில் ஒரு ஆள், அவ்வளவுதான். கார்லைல் நகரில் ஆர்தர் விருந்தில் உட்கார்ந்திருக்கிறார். ரோமிலிருந்து லூசியஸ் என்ற பேரரசன் கப்பம் கேட்டுத் தூதர்களை அனுப்புகிறான். வந்த தூதர்களுக்கு மயிலும் அன்னமும் சமைத்துப் போட்டு அனுப்பிவிட்டு, ஆர்தர் படை திரட்டிக் கடல் கடக்கிறார். நாட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அக்காள் மகன் மோர்ட்ரெட்டை நியமிக்கிறார்.

இங்கே ஒரு சின்ன விஷயம் வருகிறது. அவசரமாகப் படித்தால் கண்ணில் படாது. மோர்ட்ரெட் அந்தப் பதவி வேண்டாம் என்கிறான். மண்டியிட்டுக் கேட்கிறான். எல்லோரும் போருக்குப் போகும்போது நான் மட்டும் வீட்டில் உட்கார்ந்தால் எனக்கு என்ன பெயர் கிடைக்கும், வேறு யாரையாவது போடுங்கள் என்கிறான். ஆர்தர் கேட்கவில்லை. நீ நான் வளர்த்த பிள்ளை, உன்னை விட்டால் எனக்கு யார் என்கிறார். அவன் சரி என்று எழுந்துகொள்கிறான். பின்னால் முடிசூடிக்கொண்டு, ராணியையும் கட்டிக்கொண்டு, ஊரையே காட்டிக்கொடுக்கப்போகிறவன் அன்றைக்குச் சொன்ன சொல்லைக் கேட்டவன். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

நடுவில் பிரான்சு, லோரைன், இத்தாலி என்று போர் நீள்கிறது. யார் யாரை எந்த ஈட்டியால் எந்த விலா எலும்பில் குத்தினான் என்று பக்கம் பக்கமாக வருகிறது. நேர்மையாகச் சொல்கிறேன், 500 வரியைத் தாண்டிப் போய்விட்டேன், பிறகுதான் திரும்பி வந்து படித்தேன். தாண்டுகிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் விதிச் சக்கரக் கனவைத் தாண்டிவிடாதீர்கள்.

ரோம் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறது. ஆர்தர் தூங்குகிறார். கனவில் மேகத்திலிருந்து ஒரு சீமாட்டி இறங்குகிறாள், கையில் ஒரு சக்கரம். அலெக்சாண்டர், ஹெக்டர், ஜூலியஸ் சீசர் உட்பட ஆறு பேர் அதிலிருந்து விழுந்து புலம்பிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு பேர் ஏறிக்கொண்டிருக்கிறார்கள். அவள் ஆர்தரை உச்சியில் உட்காரவைத்துத் தலை சீவி விடுகிறாள், மகுடம் வைக்கிறாள், பழம் தருகிறாள், ஊற்றிலிருந்து ஒயின் எடுத்துக் கொடுக்கிறாள். சரியாக நடுப்பகலில் முகம் மாறுகிறது. சக்கரத்தைச் சுழற்றுகிறாள். ஆர்தரின் முதுகு நொறுங்குகிறது. விடிந்ததும் பொருள் சொல்ல வந்த அறிஞர் இச்சகம் பேசவில்லை. நீ நிறைய ரத்தம் சிந்திவிட்டாய், அடுத்தவர் நாட்டில் ஒரு பாவமும் அறியாதவர்களைக் கொன்றாய், இனி இறக்கம்தான், பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கொள் என்கிறார். ராஜாவைப் புகழ எழுதிய பாட்டில் ராஜாவை இப்படிக் கேட்க ஒரு ஆளை வைத்திருக்கிறாரே என்று எனக்கு ஆச்சரியம்.

அன்று காலையிலேயே யாத்திரைக்காரன் வேஷத்தில் ஒருவன் எதிரே வருகிறான். தொப்பியும் கோலுமாக ரோமுக்குப் போகிறான். போர் நடக்கிற இடம், இந்தப் பக்கம் வராதே என்று ஆர்தர் எச்சரிக்கிறார். என் ராஜாவைப் பார்க்காமல் போக மாட்டேன் என்கிறான் அவன். அவன் பெயர் கிரேடக். கேர்லியன் கோட்டையைக் காத்தவன். கோட்டையைப் பறித்துக்கொண்டு துரத்திவிட்டார்கள். அவன் வாயால்தான் மோர்ட்ரெட் சங்கதி தெரிகிறது. வேலை போய், ஊர் போய், கெட்ட செய்தி ஒன்றை மட்டும் சுமந்துகொண்டு இத்தனை தூரம் வந்திருக்கிறான். இவனை வைத்து ஒரு தனிப்பாட்டே எழுதலாம்.

திரும்பி வருகிறார்கள். கடலில் ஒரு சண்டை. ஆர்தரின் இன்னொரு மருமகன் கவைன், பொறுக்க முடியாமல் கொஞ்சம் ஆட்களோடு முன்னதாகவே கரையில் குதிக்கிறான். தங்க முலாம் பூசிய கவசத்தோடு இடுப்பளவு தண்ணீரில் நடக்கிறான். எதிரே பெரும் படை. முட்டாள்தனம் என்று பாட்டுக்காரருக்கே தெரிகிறது. ஆனாலும் அவனோடு போகிறவர்களைத் தடுக்க அவருக்கு மனசில்லை. மோர்ட்ரெட்டைக் கீழே தள்ளிக் கழுத்தை அறுக்கப் போகும்போது கவைனின் கத்தி இரும்புச் சட்டையில் வழுக்கிவிடுகிறது. அடுத்த கணம் மோர்ட்ரெட்டின் கத்தி கவைனின் மண்டைக்குள்.

அங்கே இருக்கும் ஃப்ரீஸ்லாந்து மன்னன் ஃப்ரெடரிக், யார் இவன், இப்படி ஒருத்தனை நான் பார்த்ததே இல்லையே என்று கேட்கிறான். கொன்றவனே பதில் சொல்கிறான். உலகத்தில் இவனுக்கு இணை இல்லை, கொடுப்பதில் இவன், வீரத்தில் இவன், நீ இவனைத் தெரிந்திருந்தால் சாகிற நாள் வரைக்கும் அழுவாய் என்று அடுக்கிக்கொண்டே போகிறான். கண்ணீர் விடுகிறான். பேச்சை நிறுத்திவிட்டு, இந்த நாள் ஏன் விடிந்தது என்று சபித்துக்கொண்டே அழுதபடி போகிறான். துரோகிக்கு இவ்வளவு நல்ல ஒப்பாரியை எழுதிக் கொடுத்தவன் சாதாரண ஆள் இல்லை.

அடுத்து ஆர்தர் வருகிறார். பிணங்களுக்கு நடுவில் கவைனைக் கண்டுபிடிக்கிறார். தூக்கி அணைத்து முத்தம் கொடுக்கிறார். தாடி முழுவதும் ரத்தம், இப்போதுதான் ஆடுமாடு அறுத்துவிட்டு வந்தவர் மாதிரி என்கிறது பாட்டு. யுவெய்னும் மற்ற பிரபுக்களும் ஓடி வந்து பிடிக்கிறார்கள். கையைப் பிசைந்துகொண்டு பெண்பிள்ளை மாதிரி அழுவது ராஜாவுக்கு அழகில்லை, போதும் என்கிறார்கள். நிறுத்த மாட்டேன், என் மூளையோ நெஞ்சோ வெடிக்கும் வரைக்கும் நிறுத்த மாட்டேன் என்கிறார் ராஜா. பிறகு செய்கிற காரியம்தான் எனக்கு நாலு நாள் தூக்கம் கெடுத்தது. மண்டியிட்டு, தரையில் சிந்திக் கிடக்கும் கவைனின் ரத்தத்தை இரண்டு கையாலும் அள்ளுகிறார். சட்டி போல இருக்கும் இரும்புத் தொப்பி ஒன்றில் விட்டு மூடுகிறார். இது தங்கப் பேழையில் வைக்க வேண்டிய ரத்தம் என்கிறார். உடலோடு அதையும் எடுத்துக்கொண்டு வின்செஸ்டருக்குப் போகிறார். விசுவாசம் என்றால் கீழே இருப்பவன் மேலே இருப்பவனுக்குக் காட்டுவது என்றுதான் நான் பாதி ஆயுள் நினைத்திருந்தேன். ராஜா முட்டி போட்டு வேலைக்காரன் ரத்தத்தை வழித்தெடுப்பதை இந்தப் புத்தகத்தில்தான் பார்த்தேன்.

கடைசிப் போர் கார்ன்வாலில். ஆர்தர் பக்கம் பட்டியலில் 1800 பேர், எதிரே 60,000. மோர்ட்ரெட் தன் கொடிச் சின்னத்தை மாற்றிக்கொண்டு நிற்கிறான், அடையாளம் தெரியக் கூடாதாம். இங்கேதான் இட்ரஸ் வருகிறான். யுவெய்னின் மகன். ஆர்தர் பக்கத்திலேயே நின்று சண்டை போடுகிறான். தூரத்தில் யுவெய்னை எதிரிகள் வளைத்துவிட்டார்கள். ஆர்தர் பார்க்கிறார். உன் அப்பாவைச் சூழ்ந்துவிட்டார்கள், போய்க் காப்பாற்று என்கிறார்.

இட்ரஸ் போகவில்லை.

அவர் என் அப்பா, என்னையும் என் தம்பிகளையும் சோறு போட்டு வளர்த்தவர். ஆனால் அவர் எனக்கு இட்ட கட்டளை ஒன்றுதான், உங்களை விட்டு நகரக் கூடாது என்பது. அவர் பேச்சை நான் இதுவரை மீறியதில்லை, இப்போதும் மீற மாட்டேன். அவர் என்னைவிட மூத்தவர். எப்படியும் இரண்டு பேரும் சாகத்தான் போகிறோம். அவர் முன்னால் போகட்டும், நான் பின்னால் வருகிறேன். இப்படிச் சொல்லிவிட்டு நிற்கிறான். ராஜா அழுகிறார்.

இதை எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை. ராஜா நேரில் இட்ட கட்டளையை மறுக்கிறான். மறுத்ததால்தான் அவன் ராஜாவின் ஆள். அந்தப் பக்கம் மோர்ட்ரெட்டோ வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கடைசியில் தலையாட்டிவிட்டு, ஏற்றுக்கொண்ட காரியத்தையே தின்றுவிட்டான். முன்னுரையில் விசுவாசம், வீரம், பாவம் என்றெல்லாம் நிறைய எழுதுவார்கள். இந்த இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே போதும் என்பது என் எண்ணம்.

கடைசியில் மோர்ட்ரெட் கையில் ஆர்தரின் சொந்த வாளே இருக்கிறது. கிளாரென்ட் என்று பெயர், விழா நாட்களில் மட்டும் எடுக்கும் வாள், பத்திரமாகப் பூட்டி வைத்திருந்தது. அதைப் பார்த்ததும்தான் வீட்டுக்குள்ளேயே திருட்டு நடந்திருக்கிறது என்று ராஜாவுக்கு உறைக்கிறது. இவரிடம் கலிபர்ன் என்ற வாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொள்கிறார்கள். மோர்ட்ரெட் சாகிறான். ஆர்தர் எழுந்து களத்தில் கிடப்பவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே போகிறார். பிள்ளையைப் பறிகொடுத்த விதவை மாதிரி இந்தப் பொட்டலில் தனியாக நிற்கிறேனே என்கிறார். கிளாஸ்டன்பரிக்குத் தூக்கிப் போகிறார்கள். சலேர்னோவிலிருந்து வந்த வைத்தியர் காயத்தைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குகிறார். உறவினன் கான்ஸ்டன்டைனுக்கு மகுடம், ராணிக்கு மன்னிப்பு. கூடவே, மோர்ட்ரெட்டின் பிள்ளைகளைக் கொன்று தண்ணீரில் எறியச் சொல்கிறார். இது எனக்குச் செரிக்கவில்லை. ரத்தத்தை அள்ளிய அதே கை.

ஏரியும் இல்லை, வாளை வாங்க வரும் கையும் இல்லை, படகும் இல்லை. சாதாரண மனுஷன் மாதிரி பிரார்த்தனை சொல்லிச் சாகிறார், புதைக்கிறார்கள், முடிந்தது. டென்னிசனைத் தேடி வந்த எனக்கு அடுத்து புரட்ட வேண்டியது முன்னால் இருக்கிற எட்டு வரிப் பாட்டு.

அதில் லான்சலாட்டும் ராணியும்தான் முக்கால் பாகம். பிரெஞ்சுக் கதையிலிருந்து சுருக்கியது. வேகமாகவே போகும். சாலிஸ்பரி பக்கம் ஆர்தரும் மோர்ட்ரெட்டும் சமாதானம் பேச உட்காருகிறார்கள். யார் கத்தியை உருவினாலும் போர் என்று இரண்டு படைக்கும் உத்தரவு. ஒரு விரியன் பாம்பு ஊர்ந்து வந்து ஒருவனைக் கொத்துகிறது. பாம்பை அடிக்க அவன் வாளை உருவுகிறான். அவ்வளவுதான், சாயங்காலத்துக்குள் ராஜ்யம் காலி.

மிஞ்சுவது பெடிவியர். ராஜா வாளைத் தண்ணீரில் போடச் சொல்கிறார். முதல் தடவை இவன் யோசிக்கிறான்: இதைத் தண்ணீரில் போட்டால் என்னைப் போல் பைத்தியக்காரன் உலகத்தில் உண்டா? மரத்தடியில் ஒளித்துவைத்துவிட்டு, சொன்னபடி செய்துவிட்டேன் என்கிறான். என்ன பார்த்தாய் என்று கேட்கிறார் ராஜா. ‘வாட்டர்ஸ் டீப் அண்ட் வாவஸ் வான்’, ஆழத் தண்ணீரும் வெளிறிய அலையும், வேறொன்றும் இல்லை என்கிறான். பொய் சொல்லாதே, திரும்பிப் போ. இரண்டாம் தடவை உறையை மட்டும் எறிகிறான். அதற்கும் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் தடவை வாளையே எறிகிறான். தண்ணீரிலிருந்து ஒரு கை எழுந்து வாளைப் பிடித்து, ஆட்டிவிட்டு உள்ளே போகிறது. பழைய பிரெஞ்சுக் கதையில் இதைச் செய்வது கிர்ஃப்ளெட் என்ற வேறு ஆள். ஆங்கிலத்தில் பெடிவியர் பெயர்தான் நின்றுவிட்டது.

இப்போது என் சங்கதி. விமர்சனத்துக்கு நடுவில் இது எதற்கு என்று நினைப்பவர்கள் அடுத்த இரண்டு பத்தியைத் தாண்டிவிடலாம்.

2009 மே மாதம் எங்கள் முதலாளி ஆஸ்பத்திரியில் கிடந்தார். லாக்கருக்கு அடியில் கறுப்பு ரெக்சின் போட்ட நோட்டு ஒன்று இருக்கும். ஊரில் நாற்பது பேருக்கு மேல் கைமாத்தாகக் கொடுத்த பணம், விதைநெல், கல்யாணச் செலவு எல்லாம் அதில். 20 வருஷம் எழுதியது என் கை. மில் கணக்கில் அது வராது. “தம்பி, அதைக் கொண்டுபோய் ஆத்துல போட்டுடு. பசங்க கையில கிடைச்சா ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் போய் நிப்பானுங்க” என்றார். சரி அய்யா என்றேன். எடுத்து வந்து வீட்டில் குதிருக்குப் பின்னால் வைத்தேன். அவ்வளவு பணம். அதைவிட, என் எழுத்து. மறுநாள் போனேன். “போட்டியா?” “போட்டேன் அய்யா.” “என்ன ஆச்சு?” “முங்கிப் போச்சு அய்யா.” அந்த நிலையிலும் மனுஷன் சிரித்தார். “மேட்டூரே இன்னும் தொறக்கல. பாமணி ஆத்துல ஏதுடா தண்ணி?”

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான். அன்றைக்கும் மனசு வரவில்லை. மறுநாள் போய், கிணற்றில் போட்டுவிட்டேன் என்று சொன்னேன். பேசாமல் என்னையே பார்த்தார். அன்றிரவு மில்லுக்குப் போய் பாய்லர் அடுப்பில் உமித் தீ நடுவில் நோட்டைப் போட்டேன். ரெக்சின் சுருண்டு நாறியது. கை எதுவும் வந்து வாங்கிக்கொள்ளவில்லை. காலையில் சட்டை மாற்றாமல் அப்படியே போய் நின்றேன். அவர் எதுவும் கேட்கவில்லை. பக்கத்தில் குனியச் சொல்லி, “சட்டையில புகை நாத்தம் அடிக்குது, போய்க் குளி” என்றார். அதுதான் என்னிடம் கடைசியாகப் பேசியது.

சரி, புத்தகத்துக்கு வருவோம். இரண்டு பாட்டுக்கும் உலகத்தில் ஆளுக்கு ஒரே ஒரு கைப்பிரதிதான் மிஞ்சியிருக்கிறது. மோனைப் பாட்டைக் காப்பாற்றியவர் யார்க்‌ஷயரில் ஈஸ்ட் நியூட்டன் என்ற ஊரில் நிலபுலன் வைத்திருந்த ராபர்ட் தார்ன்டன். 15ஆம் நூற்றாண்டில் தன் வீட்டுக்காகத் தானே உட்கார்ந்து எழுதிய பிரதி. இப்போது லிங்கன் தேவாலயத்தில் 91ஆம் எண். பாட்டு முடிந்ததும், எழுதிய தார்ன்டனுக்கு ஆசி உண்டாகட்டும் என்று லத்தீனில் ஒரு வரி போட்டுவைத்திருக்கிறார். எட்டு வரிப் பாட்டு, ஜான் காலின்ஸ் என்ற லண்டன் துணி வியாபாரியின் தொகுப்பிலிருந்து வந்தது. இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் ஹார்லி 2252. ஒருவர் பண்ணையார், ஒருவர் துணிக்கடை. மடத்துச் சாமியார் எழுதிக் காப்பாற்றியிருப்பார் என்று நினைத்திருந்தேன், இல்லை. மாலரி என்பவர் 1469, 70 வாக்கில் இந்த இரண்டு பாட்டிலிருந்தும் எடுத்து உரைநடையாக எழுதி, 1485இல் காக்ஸ்டன் அதை அச்சில் போட்டபின் ஆர்தர் கதை என்றால் அதுதான் என்றாகிவிட்டது. வாளை எறிகிற காட்சி அதன் வழியாகத்தான் டென்னிசனுக்குப் போனது.

வாங்குகிறவர்களுக்கு. பழைய ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டப் பொறுமை இல்லை என்றால் சைமன் ஆர்மிட்டேஜ் 2012இல் வெளியிட்ட மொழிபெயர்ப்பு இருக்கிறது. மோனையை விடாமல் இன்றைய ஆங்கிலத்தில் செய்திருக்கிறார். ஆனால் மோனைப் பாட்டு மட்டும்தான், பெடிவியர் வாளைத் தண்ணீரில் எறியப் போகும் கதை அதில் கிடைக்காது. இரண்டு பாட்டும் இன்றைய ஆங்கிலத்தில் வேண்டும் என்றால் பிரையன் ஸ்டோன் செய்த பெங்குவின் பதிப்பு, 1988. காசே செலவழிக்க வேண்டாம் என்றால், நான் வாங்கிய இந்தப் பதிப்பு முழுவதும் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாகவே இருக்கிறது, அருஞ்சொற்பொருளோடு. 640 ரூபாய் கொடுத்தபிறகு எனக்கு இது தெரிந்தது. வருத்தமில்லை. செல்போன் திரையில் ஓரக் குறிப்பைப் பார்க்கவும் கண் வேண்டுமே.

ஐந்துக்கு நாலு நட்சத்திரம். ஒன்றைக் குறைத்தது அந்த நடுப்போர் பக்கங்களுக்காக. மைதா பசை நன்றாகவே பிடித்திருக்கிறது. மேசையில் வைத்தால் தானாகவே இட்ரஸ் பேசும் பக்கத்தில் விரிகிறது. இரவல் மட்டும் கேட்காதீர்கள். போன வாரம் ஒரு நண்பர் கேட்டார், இன்னொருத்தருக்குக் கொடுத்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். குதிருக்குப் பின்னால்தான் இருக்கிறது.